எட்டுப் பேர் ரக்லெட் அடுப்பு: எங்கள் டிசம்பர் மேசைக்கு வாங்கிய நல்ல சாமான்

கார்த்திகை விளக்கீடு, டிசம்பர் ஆறாம் திகதி பிள்ளைகளுக்குப் பை கொண்டுவரும் தாடிக்காரத் தாத்தா சமிகிளவுஸின் நாள், பிறகு நத்தார். சுவிஸில் குளிர் இறுகத் தொடங்கும்போது எங்கள் வீட்டில் ஆட்கள் கூடும் நாட்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அந்த நாட்களை நினைத்தே வாங்கிய எட்டுப் பேர் ரக்லெட் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். ரக்லெட் என்பது சீஸை மேசையிலேயே உருக்கி, அவித்த உருளைக்கிழங்கின்மேல் ஊற்றிச் சாப்பிடும் சுவிஸ் சாப்பாடு. விலை 89 பிராங். கொடுத்த காசுக்கு இவ்வளவு சந்தோஷம் தந்த சாமான் எங்கள் குசினியில் வேறு இல்லை.

இப்படிச் சொல்லக் காரணம் என் அம்மா. முன்பெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்றால் விடியவே குசினிக்குள் போய்விடுவார். சோறு, நாலைந்து கறி, பொரியல், வடை, பாயாசம். எல்லாரும் சாப்பிட்டு எழும்பித் தேத்தண்ணியும் குடித்த பிறகுதான், கையைத் துடைத்துக்கொண்டு தனியே வந்து சாப்பிடுவார். "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் பார்க்கிறோம்" என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார். இந்த அடுப்பு மேசைக்கு வந்த பிறகு பரிமாறுகிற வேலையே இல்லாமல் போய்விட்டது. உருளைக்கிழங்கை அவித்து, சீஸை வெட்டி வைத்தால் சரி. மிச்சத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவும் எங்களோடு கதிரையில் இருந்து, தன் குட்டித் தாச்சியில் சீஸ் உருகும்வரை பேரப்பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுப்பின் அமைப்பு எளிது. மேலே ஒரு கிரில் தகடு, அதற்குக் கீழே சூடாகும் கம்பி, அடித்தட்டில் எட்டுக் குட்டித் தாச்சிகள். கறண்டைப் போட்டு ஒரு பத்து நிமிடம் சூடேற விடவேண்டும். சீஸ் துண்டைத் தாச்சியில் வைத்துக் கம்பிக்குக் கீழே தள்ளினால் முதலில் விளிம்புகள் இளகும், பிறகு நடுப்பகுதி மெல்லக் கொப்பளிக்கும், கடைசியில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும். வெறுமனே உருகி வெள்ளையாக இருக்கும்போதே எடுப்பவர்கள் உண்டு. அம்மாவுக்கு ஓரம் முறுக வேண்டும். உருளைக்கிழங்கைப் பாதியாகப் பிளந்து, அதன்மேல் மாசி போடாத கட்டைச் சம்பலை மெல்லியதாகப் பூசி, சீஸை மரக்கரண்டியால் வழித்து ஊற்றுவார். தாச்சியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பொன்னிற முறுகலைக் கடைசியில் கிளப்பித் தனியாகச் சாப்பிடுவார். சுவிஸ்காரர் வைக்கும் கெர்க்கின் என்ற குட்டி வெள்ளரிக்காய் ஊறுகாயும் சின்ன வெள்ளை வெங்காயமும் எங்கள் மேசையிலும் இருக்கும். உருகிய சீஸின் கனத்தை அந்தப் புளிப்புத்தான் வெட்டும். ஆனால் கட்டைச் சம்பல் அதைவிட நன்றாகச் செய்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். மோர் மிளகாயும் பொருந்தும்.

உருளைக்கிழங்கைத் தோலோடு அவிக்க வேண்டும். இங்கே கடைகளில் பச்சை நிறப் பையில் வருவதுதான் அவித்தும் உடையாத வகை. நீல நிறப் பை மசியலுக்கானது, அதை எடுக்க வேண்டாம். சீஸ் ஒருவருக்கு 200 முதல் 250 கிராம் என்பது இங்கத்தைய கணக்கு. சம்பலும் காய்கறியும் இருக்கிற எங்கள் மேசைக்கு 200 தாராளம்.

விரதக்காரர் இருக்கும் வீடுகளுக்கு முக்கியமான ஒரு விஷயம். பாரம்பரிய முறையில் செய்யும் ரக்லெட் சீஸுக்குப் பாலைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். 2007 முதல் பாதுகாக்கப்பட்ட பெயரோடு விற்கப்படும் வலே மாநிலத்து ரக்லெட்டும் அப்படிச் செய்வதுதான். சுவையில் அதற்கு நிகரில்லை, ஆனால் பிள்ளையார்கதை விரதம் பிடிக்கும் அம்மாவின் தாச்சிக்குள் அதை வைக்க எனக்கு மனம் வராது. பொதியில் "மைக்ரோபியல்" (நுண்ணுயிர் மூலம் திரைய வைத்தது) என்று எழுதியிருக்கிறதா, மஞ்சளும் பச்சையுமான "வி" என்ற சைவ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரிய கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. விரத நாட்களில் மேல்தகட்டிலும் காளான், கத்தரிக்காய், குடைமிளகாய் மட்டும்தான். மிளகாய்த்தூள் பிரட்டிய இறால் நத்தாருக்கு.

நத்தார் முன்னிரவில் சுவிஸ் வீடுகள் பலவற்றில் பொண்டு சினுவாஸ்தான். மெல்லியதாகச் சீவிய இறைச்சியைக் கம்பியில் குத்திக் கொதிக்கும் சூப்பில் வேகவைப்பது. அதுவும் ருசிதான். ஆனால் ஒரே சட்டிக்குள் எல்லாருடைய கம்பியும் இறங்கும், மரக்கறிக்காரருக்கு அங்கே இடமில்லை. ரக்லெட்டில் ஆளுக்கொரு தாச்சி என்பதால் அந்தச் சங்கடம் இல்லை.

போன சமிகிளவுஸ் இரவில் இந்த அடுப்பின் அருமை இன்னும் விளங்கியது. எங்கள் கட்டடத்தில் இருக்கும் வயதான ஒருவர்தான் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக வந்தார். மகள் பாலர் பாடசாலையில் பழகிய நாலு வரிப் பாட்டைச் சொல்லிக் கச்சானும் மண்டரினும் போட்ட பையை வாங்கினாள். வாசலோடு போக இருந்தவரை அம்மா விடவில்லை. அவர் அங்கியோடு இருந்து, தாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கட்டைச் சம்பலோடு இரண்டு தாச்சி சாப்பிட்டார். மூன்றாவதுக்குச் சம்பலைத் தானே கேட்டு வாங்கினார். எதிர்பாராத விருந்தாளிக்கும் ஒரு தாச்சியை நகர்த்திக் கொடுத்தால் போதும், அது சோறு கறி மேசையிலும் நடக்கும்தான், ஆனால் அம்மா அப்போது எழும்பி ஓடியிருப்பார்.

இனிக் குறைகள். வயர் கட்டை. மேசை சுவரோடு இல்லையென்றால் நீட்டு வயர் வேண்டும், அதைப் பிள்ளைகள் தட்டாதபடி நிலத்தில் ஒட்டிவிடுங்கள். இரண்டு ஓரங்களிலும் உள்ள தாச்சிகள் நடுவில் உள்ளவற்றைவிட மெதுவாக உருகுகின்றன, பசிக்கிற பிள்ளையை நடுவில் இருத்துவது நல்லது. எட்டுக்கு மேல் ஆட்கள் வந்தால் இன்னொரு அடுப்பு இரவல் வாங்குவோம். இரண்டையும் ஒரே மின்சுற்றில் போடக்கூடாது. ஒன்று 1200 வாட், இரண்டு சேர்ந்தால் 2400. பழைய வீடுகளில் பல சுற்றுகள் 10 ஆம்பியர்தான், 230 வோல்ட்டில் 2300 வாட் வரைதான் தாங்கும். ஒன்றைக் குசினிப் பிளக்கிலிருந்து எடுத்தால் பிரச்சினை இல்லை, அதே சுற்றில் கேத்தலைப் போடாமல் இருந்தால்.

கழுவுவது பரவாயில்லை. தாச்சிகளை மெசினில் போட்டால் ஒட்டாத பூச்சு சீக்கிரம் போய்விடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் மெல்லிய பஞ்சுக்கே வந்துவிடுகிறது. கிரில் தகட்டின் விளிம்புப் பள்ளம்தான் கஷ்டம், பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டியிருக்கிறது. கம்பியில் சீஸ் சொட்டினால் ஆறும்வரை தொடாதீர்கள். வாசம் மறுநாள்வரை நிற்கும். குளிர்ச் சட்டைகளை முதலே வேறு அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள், சாப்பிட்டு முடிந்ததும் எல்லா யன்னலையும் ஒரு ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிடுங்கள்.

சீஸை முதலே வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகளைத் தவிர அநேகமாக எல்லாம் பூட்டு, 24ஆம் திகதியும் பின்னேரமே பூட்டத் தொடங்கிவிடுவார்கள். முதலில் பழகிப் பார்க்க விரும்புபவர்கள் ஊர்ச் சீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். சீஸ் வாங்குபவருக்கு அடுப்பை இரவலாகவோ சின்ன வாடகைக்கோ கொடுக்கும் கடைகள் பல உண்டு.

ஐந்தாறு பேருக்கு மேல் கூடுகிற வீட்டுக்கு இதை யோசிக்காமல் வாங்கலாம். வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் இவ்வளவு பெரிதை அலுமாரிக்குள் வைத்திருக்கத் தேவையில்லை. சின்ன மெழுகுதிரி வைத்து உருக்கும் இரண்டு பேர் செட் மலிவாக வருகிறது, அதற்குக் கறண்டும் வேண்டாம்.