புழுவெட்டுக்கு ஊசி போட்ட கிளினிக்: நாலு மாத அனுபவம்

பின்மண்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மொழுமொழுவென்று ஒரு வட்டம். கண்டுபிடித்தது நான் இல்லை, முடி வெட்டுகிற தம்பி. "அண்ணே, புழுவெட்டு விழுந்திருக்கு, வீட்ல யாரும் பாக்கலையா?" என்று கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். அன்று ராத்திரியே அம்மா சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், மாமா ஆற்றுத்தும்மட்டிக்காய் தேடிக் கிளம்பினார். ரெண்டு வாரம் தேய்த்ததில் தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம், பக்கத்திலேயே இன்னொரு வட்டமும் வந்து சேர்ந்தது. அப்புறம்தான் திருச்சியில் இந்தத் தோல் கிளினிக்குக்குப் போனேன்.

ஆறு மணிக்கு டோக்கன், உள்ளே கூப்பிட்டது எட்டேகாலுக்கு. அந்தக் கடுப்பெல்லாம் டாக்டர் பேச ஆரம்பித்ததும் போய்விட்டது. சின்ன லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்து, அதை என் போனிலேயே படம் எடுத்துக் காட்டினார். வட்டத்தின் ஓரத்தில் குட்டை குட்டையாக முடி, நுனி தடிமனாக, வேர்ப்பக்கம் வர வர ஒல்லியாக, அச்சு அசல் ஆச்சரியக்குறி. நகத்தையும் திருப்பிப் பார்த்தார், இந்த நோயில் சிலருக்கு நகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி குழி விழுமாம். செதில் இல்லை, முடி விழுந்த தோல் வழவழப்பாக இருக்கிறது, அதனால் படர்தாமரையும் இல்லை என்றார்.

புழுவும் கிடையாது பூச்சியும் கிடையாது, பெயர் அலோபீசியா ஏரியேட்டா. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே முடிவேரை வெளியாள் என்று நினைத்து அடிக்கிறது, ஆனால் வேர் சாவதில்லை, அதனால்தான் முடி திரும்ப வர வழியிருக்கிறது. சீப்பு, தலையணை வழியாக யாருக்கும் ஒட்டாது. (இதைக் கேட்டபிறகுதான் வீட்டில் என் துண்டைத் தனியாகத் துவைப்பதை நிறுத்தினார்கள்.) தைராய்டு கோளாறும் இதோடு சேர்ந்து வருவதுண்டு என்று ரத்தப் பரிசோதனை எழுதினார், நல்லவேளை நார்மல்.

எனக்குப் பிடித்தது அவருடைய நேர்மை. இவ்வளவு சின்ன வட்டம் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே மூடிவிடும், ஊசி போட்டால் சீக்கிரம் வரலாம், ஆனால் புது வட்டம் வராமல் தடுக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் 2022-ல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்த பேரிசிட்டினிப் மாத்திரை பற்றிப் படித்துவிட்டுப் போய்க் கேட்டேன், சிரித்துக்கொண்டே "அது பாதித் தலை போனவங்களுக்கு, உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார்.

ஊசி ட்ரையம்சினோலோன், ஸ்டீராய்டுதான். இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசு, ஒவ்வொரு வட்டத்திலும் நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டெறும்பு வரிசையாகக் கடிக்கிற வலி, ரெண்டு நிமிஷம். மாதம் ஒரு தடவை, மொத்தம் மூன்று, தடவைக்கு பீஸோடு 1,300 ரூபாய். ஆறாவது வாரம் பூனைமுடி தெரிந்தது, அதுவும் வெள்ளையாக! பதறிவிட்டேன், முதலில் அப்படித்தான் வருமாம். இப்போது முக்கால்வாசி கறுத்துவிட்டது.

குறை என்றால் கீழே இருக்கும் மருந்துக் கவுண்டர். சீட்டில் எழுதாத பயோட்டின் மாத்திரை, ஒரு ஷாம்பூ, எல்லாம் பையில் போட்டு 1,480 ரூபாய்க்கு பில் நீட்டினார்கள். கேட்டால் "எல்லாரும் வாங்குவாங்க சார்." அடுத்த முறை டாக்டரிடமே சொன்னேன், அது வேண்டாம் என்றார், ஆனால் கவுண்டரில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பில்லை வரி வரியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊசி போட்ட ஒரு இடத்தில் விரலை வைத்தால் லேசாகப் பள்ளம் தட்டுப்படுகிறது, சில மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார், பார்க்கலாம். போகிறவர்கள் செவ்வாய், புதன் சாயங்காலம் போங்கள், கூட்டம் கம்மி.