ஏசிஇ2 நொதி வாங்கும்போது: ஈ.கோலையா, பூச்சிச் செல்லா, எச்இகே 293-ஆ?

ஏசிஇ2 என்பது மனிதச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் நொதி; கொரோனா வைரஸ் பற்றிக்கொள்வதும் இதைத்தான். ஆய்வகங்களுக்கு மனித ஏசிஇ2 என்ற ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது: ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தது, பூச்சிச் செல்லில் செய்தது, எச்இகே 293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்லில் செய்தது. விலை குறைவு என்று ஈ.கோலையில் செய்ததை வாங்கினால், பெரும்பாலும் நொதி வினையை அளக்கும் பிளேட் ரீடரில் கோடு ஏறவே ஏறாது.

காரணம் புரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏசிஇ2-வின் வெளிப்பகுதியில் மூன்று டைசல்பைடு (கந்தகம்-கந்தகம்) பிணைப்புகள், சர்க்கரைச் சங்கிலி ஏறும் ஏழு இடங்கள், செயல்மையத்தில் ஒரு துத்தநாக அயனி. ஈ.கோலை அந்தச் சர்க்கரையை ஏற்றாது. புரதமும் சரியாக மடியாமல் கட்டியாகத் திரளும். அதை யூரியாவில் கரைத்து எடுத்த துண்டு, ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக (ஒப்பு மாதிரியாக) நிற்கும். அதுவும் உங்கள் ஆன்டிபாடி பிடிக்கும் பகுதி அந்தத் துண்டில் இருந்தால்தான். செல் மேல் போடுவதென்றால் ஈ.கோலையிலிருந்து ஒட்டி வரும் எண்டோடாக்சின் என்ற நச்சின் அளவையும் பார்க்க வேண்டும்.

பூச்சிச் செல் சரக்கு மடிந்திருக்கும், வினையும் புரியும். சர்க்கரைச் சங்கிலிதான் குட்டை. படிக அமைப்பு ஆய்வுக்கு அதுவே வசதி. கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் ஏசிஇ2-வுடன் பிணைவதை அளப்பவர்கள் எச்இகே 293-க்கே போவது நல்லது, ஏனெனில் 90-ஆம் அமினோ அமிலமான அஸ்பராஜினில் உள்ள சர்க்கரை அந்தப் பிணைப்பைப் பாதிக்கிறது. அமினோ அமிலம் 18 முதல் 740 வரையான துண்டின் கணக்கு எடை சுமார் 84 கிலோடால்டன். ஜெல்லில் 110-க்கு மேல் ஓடினால் பதற வேண்டாம், அது சர்க்கரையின் எடை. சர்க்கரையை வெட்டும் பிஎன்கேஸ் எஃப் நொதியைப் போட்டால் பட்டை கீழே இறங்கும்.

புரதத்தின் நுனியில் ஒட்டிய டேக்கிலும் (அடையாளத் துண்டிலும்) கவனம் வேண்டும். ஆன்டிபாடியின் அடிப்பகுதியான எஃப்சி டேக் புரதத்தை இரட்டையாக்கும். பிணைப்பை ஒளியால் அளக்கும் எஸ்பிஆர் கருவியில் பிணைப்பு உண்மையைவிட வலுவாகத் தெரியும். கேடி மதிப்பு (பிணைப்பின் வலுவைக் காட்டும் எண்) வேண்டுமானால் ஹிஸ் டேக் (ஹிஸ்டிடின் வால்) போட்ட ஒற்றை வடிவம் எடுங்கள்.

குப்பியைத் திறக்குமுன் மையவிலக்கியில் சில விநாடி சுழற்றுங்கள். உடன் வந்த தாளில் சொன்ன கரைசலை ஊற்றி 15 நிமிடம் விடுங்கள், வோர்டெக்ஸில் வைத்து வேகமாகக் குலுக்க வேண்டாம். சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். புரதத்தின் அமீன் தொகுதிகளில் பயோட்டின் என்ற அடையாள மூலக்கூறை ஏற்றப் போகிறீர்கள் என்றால் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) கலந்ததோ டிரிஸ் பஃபரில் உள்ளதோ ஆகாது. இரண்டுமே அமீன் வினையைத் தின்றுவிடும்.

செயல்திறன் சோதனைக்கு 100 மைக்ரோலிட்டர் கிணற்றில் 1 நானோமோலார் என்றால் 8.4 நானோகிராம். பஃபரில் உப்பு தாராளமாக இருக்கட்டும்; இந்த நொதிக்குக் குளோரைடு ஊக்கம் தருகிறது. நொதி வெட்டினால் ஒளிரும் எம்சிஏ-டிஎன்பி பெப்டைடை 320 நானோமீட்டரில் தூண்டி 405-ல் படியுங்கள். உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ உள்ள புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி) தடுப்பான் கலவை துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும். சோதனை அங்கேயே செத்தது.

வாங்கிய குப்பியில் வேறு புரோட்டியேஸ் கலந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், ஏசிஇ2-வைத் தடுக்கும் எம்எல்என்-4760 போட்ட கிணறு ஒன்று, அதன் உறவு நொதியான ஏசிஇ-ஐத் தடுக்கும் கேப்டோபிரில் போட்டது ஒன்று வையுங்கள். ஏசிஇ2 என்றால் முதலாவதில் ஒளிர்வு அடங்கும், இரண்டாவதில் அடங்காது.