மஞ்சக்குப்பம் டீக்கடை: டீயும் ஸ்ட்ராங், பேச்சும் ஸ்ட்ராங்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் இருக்கிற டீக்கடை இது, மாலை 5 மணிக்குப் போனால் மெதுவடை சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும், இஞ்சி தட்டிப் போட்ட டீ தொண்டையில் இறங்கும்போதே தெரியும். நேற்று ஒரு பிரச்சார வண்டி 'சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது' என்று அலறிக்கொண்டு போனது. மாஸ்டர் டீ ஆத்திக்கொண்டே, "2011ல அதிமுக இதைச் சொன்னப்ப மின்வெட்டும் சேர்ந்திருந்துச்சு, கூட்டணி 203 சீட்டு. 2021ல திமுக வந்தா நில அபகரிப்பு, ரவுடி ராஜ்யம்னு அதே பாட்டு, எடுபடலையே தம்பி" என்றார். சரிதான், மின்வெட்டுப் புழுக்கத்தில் தூங்காமல் கிடந்தவனுக்குத்தான் அந்தப் பிரச்சாரம் உறைத்திருக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக நடந்துபோகிற ஒரு அக்கா, "எங்க தெருவுல லைட் எரியட்டும், ஓட்டு போடறேன்" என்றார். சட்னி மட்டும் தண்ணி. பார்சல் வாங்காதீர்கள், வடை நமுத்துவிடும்.