மதுரை ஃபுட் ட்ரிப் + ஃபைவ் ஸ்டார் லஞ்ச் பேக்கேஜ்: 11,200 ரூபா கட்டி ஏமாந்த கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நடந்தது, கோவம் கொஞ்சம் அடங்கட்டும்னு இத்தனை நாள் எழுதல. நாங்க திருச்சி. மதுரை ரெண்டரை மணி நேரம்தான், ஆனா கோயில், கல்யாணம்னு போயிட்டு வந்ததோட சரி, சாப்பாட்டுக்குன்னு ஒரு நாளும் போனதில்ல. இன்ஸ்டால ஒரு பேஜ், "ஒரே நாள்ல ஏழு கடை, மதியம் ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல லஞ்ச், பூல், லவுஞ்ச் எல்லாம் சேத்து தலைக்கு 2,800"ன்னு ரீல் போட்டிருந்தாங்க. நான், வீட்டுக்காரர், பையன், அம்மா, நாலு பேர். அம்மாவுக்கு முட்டி வலி, மதியம் ஏசில உக்காரலாமேன்னுதான் முக்கியமா இத எடுத்தேன். 11,200 ரூபாய ஜிபேல போட்டேன். போடும்போது பேஜ் பேரு வரல, யாரோ ஒரு ஆளோட பேருதான் வந்துச்சு, அப்பவே உறைச்சிருக்கணும், உறைக்கல.

காலைல ஆறுக்கு கார் எடுத்து எட்டரைக்கு பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்னோம். கைடு தம்பி ஒம்பதே காலுக்கு வந்தான். பையன் நல்லா பேசறான், "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, மதுரைல சாப்பாட்டுக்கா பஞ்சம்"னு. மொத கடை இட்லி கடை. பெரிய கடைதான், சட்னி நாலு வகை வச்சாங்க, குறை இல்ல. ஆனா ஆளுக்கு ஒரே ஒரு இட்லி! கேட்டா "டேஸ்டிங் போர்ஷன்க்கா, ஏழு கடை இருக்குல்ல வயித்துல எடம் வேணும்"ங்கறான். சரி நியாயம்தானேன்னு விட்டோம். அடுத்த கடைல பன் பரோட்டா ஒண்ணே ஒண்ணு வாங்கி அத நாலா பிச்சு நாலு இலைல வச்சான் பாருங்க, என் பையன் அவன் பங்க கைல தூக்கி வெளிச்சத்துல காட்டி "அம்மா இது சாம்பிளா?"ன்னான்.

மூணாவது கறி தோசை. நல்லா போட்டா அது ஒரு தனி ருசிங்க, கல்லுல தோசை ஊத்தி மேல முட்டை அடிச்சு அதுமேல மட்டன் கறிய பரப்பி அப்படியே திருப்பிப் போடுவாங்க, ஓரம் முறுகி நடுவுல மெத்துன்னு இருக்கும். எங்களுக்கு வந்தது பத்தரை மணிக்கு ஆறிப்போன தோசைமேல யாரோ குழம்பக் கொட்டின மாதிரி, கறி எங்கன்னு தேடணும். நாலாவது "கடை" என்ன தெரியுமா? சுங்குடி சேலைக் கடை, துணிய முடிச்சு போட்டு சாயம் ஏத்தி புள்ளி வர வைக்கிற சேலை. சாப்பாட்டு ட்ரிப்ல சேலைக் கடை எதுக்குப்பான்னா "அதுவும் நம்ம மதுரை ஸ்பெஷல்தானேம்மா"ன்னு அம்மாகிட்ட சொல்றான். முக்கா மணி நேரம் அங்கயே உக்கார வச்சுட்டான். அம்மா ஒரு சேலைய விரிச்சு புள்ளிய வெரலால தடவிப் பாத்துட்டு "முடிச்சு போட்டது இல்லப்பா, பிரிண்டு"ன்னு மடிச்சு வச்சுட்டாங்க, அதோட கடைக்காரர் மொகமும் மாறிடுச்சு, எங்களுக்கு குடிக்க தண்ணி கூட வரல. அஞ்சாவது ஒரு அல்வா கடை, வாசல்லயே ஒரு ஸ்பூன் குடுத்துட்டு "கிலோ எவ்ளோ போடட்டும்"னு. ஆறாவது ஜிகர்தண்டா. நன்னாரி வாசனையே இல்ல, ரோஸ் சிரப்பும் கடைல விக்கிற வெனிலா ஐஸ்கிரீமும், பாதாம் பிசின் பேருக்கு ரெண்டு துளி. போர்டுல மட்டும் "ஃபேமஸ், ஒரிஜினல்"னு கொட்ட எழுத்துல.

ஏழாவது கடை "டைம் ஆயிடுச்சுக்கா, ஹோட்டல்ல டேபிள் வெயிட்டிங்"னு காணாமப் போச்சு. காலைலேர்ந்து எங்க சாப்பாட்டுக்கு அவன் கைலேர்ந்து போன காச நான் மனசுலயே கூட்டிட்டே வந்தேன், எப்படிக் கூட்டினாலும் அறுநூறத் தாண்டல.

இனிமேதான் மெயின் விஷயம். ஒண்ணேகாலுக்கு ஹோட்டல் வாசல்ல எங்கள இறக்கிட்டு "உள்ள பேர் சொல்லுங்க, எல்லாம் பேசியாச்சு"ன்னுட்டு தம்பி கெளம்பிட்டான். நிஜமாவே பெரிய ஹோட்டல், பொய் இல்ல. பஃபே சாப்பிட்டோம். பாயாசம் வரைக்கும் முடிச்சு எந்திரிக்கப் போனா லெதர் ஃபோல்டர்ல பில் வருது. ஆளுக்கு 1,499, நாலு பேருக்கு 5,996, அதுமேல பத்து பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ், ரெண்டுக்கும் சேத்து 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, ஆக 7,783 ரூபா! "எங்களது பேக்கேஜ் சார்"னோம். மேனேஜர் சிஸ்டத்துல பாத்துட்டு ரொம்ப பணிவா சொல்றாரு, "உங்க பேர்ல டேபிள் ரிசர்வேஷன் மட்டும்தான் மேடம் இருக்கு, பேமென்ட் எதுவும் வரல". பூல்? ரூம் எடுத்து தங்கறவங்களுக்கு மட்டுமாம். லவுஞ்ச்னு தனியா ஒண்ணும் கெடையாது, ரிசப்ஷன் சோபாதான். கைடுக்கு போன் போட்டா ஸ்விட்ச்டு ஆஃப்.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சரிதான், ரூம் வாடகை நாளைக்கு 7,500க்கு மேல போற ஹோட்டல்ல சாப்பாட்டுக்கு அதான் ரேட், நம்ம சாதா ஹோட்டல்ல 5. ஆனா சர்வீஸ் சார்ஜ நம்மள கேக்காம பில்லுல சேக்கக் கூடாது, 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் ஆணையம் சொன்னது செல்லும்னுடுச்சு. வீட்டுக்காரர் இத எடுத்துச் சொன்னதும் மொதல்ல "ஹோட்டல் பாலிசி சார்"னாங்க, 1915க்கு, அதான் நுகர்வோர் புகார் ஹெல்ப்லைனுக்கு, போன் போடவான்னு கேட்டப்புறம் ரெண்டே நிமிஷத்துல வேற பில் வந்துச்சு, 7,075. கட்டினோம், வேற வழி? அம்மா மட்டும் வாசல் வர்ற வரைக்கும் "அந்த வத்தக்குழம்புக்கா ஆயிரத்தி ஐநூறு"ன்னு பொலம்பிக்கிட்டே வந்தாங்க.

வயித்தெரிச்சல்ல அப்படியே ஊருக்குக் கெளம்பியிருப்போம், பையன்தான் விடல. சாயங்காலம் நாங்களே ஆட்டோ புடிச்சு விளக்குத்தூண் பக்கம் போனோம். தள்ளுவண்டில பருத்திப்பால், கருப்பட்டியும் சுக்கும் போட்டு சுடச்சுட, அம்மா ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. கூட்டம் நிக்கிற கடையா பாத்து ஜிகர்தண்டா வாங்கினோம், காலைல குடிச்சதுக்கும் இதுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு. ஆட்டோ காசோட சேத்து ஐநூறு ரூபா ஆகல.

பேஜுக்கு மெசேஜ் போட்டேன். "லஞ்ச் இன்க்ளூடட்னு போடல மேடம், லஞ்ச் எக்ஸ்பீரியன்ஸ்னுதான் போட்டிருக்கோம்"னு ஒரு பதில், அடுத்த நிமிஷம் பிளாக். ரீல திரும்பப் பாத்தா அந்த வார்த்தை நிஜமாவே மூலைல சின்னதா இருக்கு. 1915ல புகார் குடுத்து நம்பர் வாங்கியிருக்கேன். அஞ்சு லட்சம் வரைக்கும் நுகர்வோர் கோர்ட்டுல ஃபீஸ் கெடையாது, ஆனா எதிராளி அட்ரஸ் வேணுமே, என்கிட்ட இருக்கறது ஒரு யுபிஐ ஐடி. எந்த ஊர் பேக்கேஜா இருந்தாலும் ஹோட்டல் சேத்துன்னு சொன்னா காசு போடறதுக்கு முன்னாடி நீங்களே அந்த ஹோட்டலுக்கு போன் போட்டு எங்க பேருக்கு பணம் வந்திருக்கா, என்னென்ன சேத்தின்னு கேட்டுருங்க. நான் அந்த ஒரு கால் பண்ணல.

அந்த பேஜ் இன்னும் ஓடுது. போன வாரம் தங்கச்சி ஒரு ரீல் அனுப்பினா, "ஹேப்பி ஃபேமிலி ஃப்ரம் திருச்சி"ன்னு போட்டு கமென்ட்ட ஆஃப் பண்ணி வச்சிருக்கான். அதுல பச்சை சேலை கட்டிட்டு ஜிகர்தண்டா டம்ளரோட சிரிக்கிறது எங்கம்மாதான். ஒரு வாய் கூட குடிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது அது, "சிரிங்கம்மா"ன்னு அந்தத் தம்பி சொன்னான், அதான் சிரிச்சாங்க.