சூசான்லி: உப்புசத்துக்குக் கேட்கிறது, நெஞ்செரிச்சலுக்கு இல்லை

சாப்பிட்டு எழுந்ததும் வயிறு கனத்து, ஏப்பமும் வராமல் ஒரு மணி நேரம் அவதிப்படுகிற ஆளா நீங்கள்? நானும் அதே கேஸ்தான். எண்டாஸ்கோபி எடுத்தும் பார்த்தாயிற்று, புண் எதுவும் இல்லை. சிங்கப்பூரில் அக்குபங்சர் ஊசி போடுகிற சீன மருத்துவர்கள் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் போனேன். வயிற்றில் குத்துவார் என்று நினைத்தால், காலைப் பிடித்தார். அங்கே அவர் குத்திய புள்ளிக்குப் பெயர்தான் சூசான்லி.

சீன மருத்துவம் உடலில் வரைகிற கோடுகளில் ஒன்றான இரைப்பைத் தடம் கண்ணுக்குக் கீழே தொடங்கிக் காலின் இரண்டாம் விரலில் முடிகிறது. அதில் உள்ள 45 புள்ளிகளில் இது 36ஆவது. படங்களில் எஸ்டி 36 என்று போட்டிருக்கும். முட்டியை மடக்கி உட்கார்ந்தால், முட்டிச்சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதிலிருந்து நாலு விரல் அகலம் கீழே இறங்கி, முன்எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளுங்கள். பாதத்தை மேலே தூக்கினால் அங்கே தசை புடைக்கும். அளக்க வேண்டியது உங்கள் விரலால்தான். என் கணவர் தன் கையை வைத்து எனக்கு அளந்தால் புள்ளி கீழே போய்விடுகிறது!

ஊசி இறங்கும்போது எறும்புக்கடி அளவுதான் வலி. அப்புறம் மருத்துவர் ஊசியை லேசாகத் திருகுவார். ஒரு மந்தமான கனம் கணுக்கால் வரை இறங்கும். அது வந்தால்தான் அவருக்குத் திருப்தி. வீட்டில் கட்டைவிரலால் அழுத்தும்போதும் அதே கனத்தைத்தான் தேடுகிறேன். இரண்டு காலிலும் ஓரிரு நிமிஷம் அழுத்தினால் பெரும்பாலும் வயிற்றுக்குள் ஒரு குடகுட சத்தம் கேட்கும், ஏப்பம் வரும், இறுக்கம் தளரும். தொடர்ந்து செய்தால் பலன் தெரிகிறது, விட்டுவிட்டால் உப்புசம் திரும்பிவிடுகிறது. குமட்டலுக்கு இதைவிட மணிக்கட்டின் உள்பக்கம், மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே இருக்கும் புள்ளி எனக்கு நன்றாகக் கேட்கிறது.

நெஞ்செரிச்சலுக்கு? சுத்தமாக இல்லை, மாத்திரைதான். மலம் கறுப்பாகப் போனாலோ, எடை குறைந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ காலை அழுத்திக்கொண்டு உட்காராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

2021இல் ஹார்வர்டின் சியூஃபு மா குழு எலிகளின் பின்னங்காலில் இதே இடத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தது. மூளையிலிருந்து வயிறு வரை வரும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு அழற்சி குறைந்தது. வயிற்றில் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. சுவாரஸ்யமான விஷயம்தான். ஆனால் அது எலி, அதுவும் அழற்சி. என் உப்புசத்துக்கு அதைச் சான்றாகக் காட்ட மாட்டேன். என் விஷயத்தில், சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காலை அழுத்துகிறேன் என்பதே பாதி வைத்தியமாக இருக்கலாம்.

மாக்ஸா என்கிற உலர்ந்த மூலிகைக் குச்சியைக் கொளுத்தி அந்தப் புள்ளிக்குச் சூடு காட்டுவதும் உண்டு. இதமாக இருக்கும், ஆனால் அந்தப் புகை நாற்றம் திரைச்சீலையை விட்டுப் போகவே போகாது. பத்து தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்ன ஓர் இடத்தை முதல் நாளோடு விட்டுவிட்டேன். இப்போது வயிறு ரொம்பப் படுத்தினால் மட்டும் ஊசி, மற்றபடி கட்டைவிரல்தான்.