திறந்த காரில் நெடுஞ்சாலைப் பயணம்: காதுக்கு எந்த இயர் பிளக் வாங்கலாம்?

வயலின் சொல்லிக்கொடுப்பது என் தொழில். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வார இறுதி வகுப்பு, அவ்வப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குக் கச்சேரிப் பயணம். வண்டி, துணிக்கூரையை மடித்துவிடக்கூடிய மஹிந்திரா தார். கூரையைத் திறந்துவிட்டு மரக்காணம் உப்பளங்களைக் கடந்து போகும் சுகத்தை விட எனக்கு மனமில்லை. அதற்காகக் காற்றிரைச்சலுக்குக் காதைப் பலிகொடுக்கவும் முடியாது. எனவே இரண்டு இயர் பிளக்குகளை மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் 3எம் 1110, கயிறு கோத்த ஃபோம். மற்றொன்று, இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் எட்டிமோட்டிக் இஆர்20 எக்ஸ்எஸ்.

முதலில், இது தேவைதானா என்று கேட்பவர்களுக்கு. கூரை திறந்த நிலையில் நீண்ட தூரம் ஓட்டிவிட்டுச் சென்னையில் இறங்கியதும் தம்புராவை மீட்டினால் மந்தர ஒலி நன்றாகவே கேட்கும். ஆனால் தந்திகளுக்கு அடியில் செருகும் ஜீவா நூல் எழுப்பும் அந்த மேல் ஒலிகளின் பளபளப்பு மட்டும் குறைந்திருக்கும். சில மணி நேரத்தில் திரும்பிவிடும் என்பதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. பேரிரைச்சல் முதலில் பதம் பார்ப்பது 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தைத்தான். பேச்சில் மெய்யெழுத்துகளின் தெளிவும் வாத்தியத்தின் பளபளப்பும் பெரிதும் அங்கேயும் அதைச் சுற்றியும்தான் இருக்கின்றன. உட்காதில் நத்தை வடிவில் இருக்கும் நத்தை எலும்பில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன; ஒலியை உணர்பவை அவைதான். செத்துப்போனால் மனிதர்களுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை.

அமெரிக்கத் தொழில்நலத் துறையினரின் கணக்குப்படி 85 டெசிபல் இரைச்சலை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரே மணி. கூரை திறந்த கார்களில் மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் அமெரிக்க மருத்துவர்கள் அளந்து பார்த்தபோது பெரும்பாலானவை 85-ஐத் தாண்டின. கைபேசிச் செயலியை வைத்து நீங்களே அளக்க வேண்டாம். காற்று நேராக மைக்கில் மோதினால் அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநருக்கு வலது காதுதான் சாலைப் பக்கம். பஸ்களின் ஏர் ஹாரன் வந்து விழுவதும் அதில்தான். பல சுரங்களில் அலறும் ஹாரனை மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருக்கின்றன. கன்னியக்கோயில் தாண்டிக் கடலூர் எல்லைக்குள் நுழைந்தால் அந்த விதி இருக்கும் இடமே தெரியாது. வயலின் வாசிப்பவர்களுக்கு இடது காதோ வாத்தியத்தின் அருகிலேயே காலம் கழிக்கிறது. எஞ்சிய வலது காதையும் சாலைக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

இஆர்20 எக்ஸ்எஸ் மேடைக்கு அருமையான பொருள். தவிலுக்கு அருகில் உட்கார வேண்டிய நாளில் நான் வேறெதையும் தொடமாட்டேன். எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் சுருதி கெடுவதில்லை. ஆனால் அதன் பெட்டியில் உள்ள இரைச்சல் குறைப்பு எண், அதாவது ஆய்வக அளவீட்டின்படி அது குறைக்கும் டெசிபல், 13-தான். காற்றிரைச்சலின் பலமோ தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஹோ என்ற அடிநாதம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. விலையும் ஃபோமைப் போல் பல மடங்கு. நெடுஞ்சாலைக்கு இது வேண்டாம்.

3எம் 1110-ஐக் கடலூரில் சிப்காட் தொழிலாளர்களுக்கான தலைக்கவசம், கையுறை விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். "எந்தக் கம்பெனிக்கு அம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். காருக்கு என்றதும் வியந்து, "அதை மாட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்று தன் காதிலேயே செய்து காட்டினார். அந்த ஒரு நிமிடப் பாடம் பொருளின் விலையைவிடப் பெரியது. விரல்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஃபோமை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உடனே உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக அமர்ந்தால் உங்கள் குரல் தலைக்குள் முழங்கும். உள்ளங்கைகளால் இரு காதையும் மூடித் திறந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. வெளியே பாதிக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால் எடுத்துவிட்டு மீண்டும் உருட்டுங்கள்.

இதன் பெட்டியில் போட்டிருக்கும் இரைச்சல் குறைப்பு எண் 29. அதை அப்படியே நம்பக்கூடாது. அன்றாடப் பயன்பாட்டில் பாதி கிடைத்தாலே நல்லது என்பது தொழில்நல வல்லுநர்களின் கணக்கு. அந்தப் பாதியே போதும். காலாப்பட்டுக்கு அப்பால் வண்டியை ஓரம்கட்டி மாட்டிக்கொண்டு கிளம்பினால், காற்று தோலில் படும், காதில் அறைவதில்லை. சென்னையில் இறங்கிக் கேட்கும்போது தம்புரா முழுதாக ஒலிக்கிறது. வேறெந்தச் சான்றும் எனக்குத் தேவையில்லை.

ஹாரன் கேட்குமா என்று என் மாணவி ஒருத்தி கவலைப்பட்டாள். கேட்கிறது. இரைச்சலும் ஹாரனும் சேர்ந்தே குறைவதால், வேகத்தில் போகும்போது ஹாரன் தெளிவாகவே பிரிந்து தெரிகிறது. ஊருக்குள் கதை வேறு. அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலில் மெதுவாகப் போகும்போது சைக்கிள் மணியும் பாதசாரியின் குரலும் காதில் விழ வேண்டும். அங்கே கயிற்றை இழுத்துக் கழுத்தில் தொங்கவிடுகிறேன். கயிறில்லாத 1100-ஐவிட 1110 எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

குறைகளும் உண்டு. கடலோர வியர்வையில் ஃபோம் சீக்கிரம் அழுக்காகிறது. அழுத்திவிட்டால் மீண்டும் உப்பாத ஜோடியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நான் கொடுத்த விலை ஜோடிக்கு 20 ரூபாய் என்பதால் அது வலிக்கவில்லை. காதில் சீழோ வலியோ இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் எதையும் உள்ளே திணிக்க வேண்டாம்.

பிளக்கை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். கதவுக் கண்ணாடிகளை முழுதாக ஏற்றினாலே இரைச்சல் குறையும். வேகம் இரட்டித்தால் காற்றிரைச்சல் 15 முதல் 18 டெசிபல் வரை ஏறும் என்பது இயற்பியல். அதாவது 80-இலிருந்து 60-க்கு இறங்கினால் 6, 7 டெசிபல் காசில்லாமல் கிடைக்கிறது.

பின்னிருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு கூரையைத் திறந்து பறக்கும் வண்டிகளை வார இறுதிகளில் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. காற்று சுழன்று அறைவது அந்த இருக்கையைத்தான். பெரியவர்களுக்கான ஃபோம் சிறுவர்களின் குறுகிய காதுத் துளைக்குள் சரியாக அமராது. தலைக்கு மேல் மாட்டும் காதுறைகள் சிறுவர் அளவிலும் கிடைக்கின்றன, ஆனால் நம் வெயிலில் எந்தக் குழந்தையும் அதை நெடுநேரம் பொறுத்துக்கொள்ளாது. அவர்கள் ஏறியிருக்கும் நாளில் கூரையை மூடிவிடுங்கள்.