தீயணைப்பு சம்ப்: ஆர்.சி.சி.யா, எஃப்.ஆர்.பி. உருளையா?

நிமிடத்துக்கு 1,620 லிட்டர் தள்ளும் தீயணைப்பு பம்ப் அரை மணி நேரம் ஓட 48,600 லிட்டர் வேண்டும். எனவே மண்ணுக்கடியில் 50,000 லிட்டர் தொட்டியை (சம்ப்) எடுத்துக்கொள்வோம். இடம், சென்னையில் வேளச்சேரி பள்ளிக்கரணைப் பக்கம் போல ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று தரைமட்டம் வரை ஏறும் மண். அங்கே வழி இரண்டு: சைட்டிலேயே வார்க்கும் ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) சம்ப், ஃபாக்டரியில் செய்து டிரெய்லரில் வரும் எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்த பிளாஸ்டிக்) உருளை. பேனல்களை போல்ட் போட்டு இணைக்கும் தொட்டியைச் சிலர் பள்ளத்தில் இறக்கி மண் மூடிவிடுகிறார்கள். அது தரைக்கு மேல் நிற்க வேண்டியது, புதைக்கவே கூடாது.

பேச்சு எப்போதும் விலையில்தான் தொடங்குகிறது. தொட்டி காலியாக இருக்கும் நாளில் மழை பிடித்தால் அது கிடந்த இடத்தில் கிடக்குமா என்று முதலில் கேளுங்கள்.

உருளை 3 மீட்டர் விட்டம், 7 மீட்டர் நீளம் என்று வையுங்கள். முழுக்க மூழ்கினால் தண்ணீர் அதைச் சுமார் 50 டன் விசையோடு மேலே தூக்கும். அதன் சொந்த எடையோ சில டன்தான். மேலே 1 மீட்டர் மண் மூடினால் போதும் என்பார்கள். தண்ணீருக்குள் இருக்கும் மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.9 டன்தான் அழுத்தும். உருளைக்கு நேர் மேலே நிற்கும் மண்ணைக் கூட்டினால் 25 டன் தேறும், அவ்வளவுதான். ஆகவே அடியில் 8 × 4 மீட்டரில், 40 செ.மீ. கனத்தில் கான்கிரீட் தளம் போட்டு, விலா எலும்பு போல் புடைத்திருக்கும் இடங்களில் பட்டை கட்டித் தளத்தோடு இறுக்க வேண்டும். அப்போதுதான் தளமும், பள்ளத்தை மூட அதன் மேல் கொட்டும் மொத்த நிரப்பும் சேர்ந்து பிடிக்கும், கணக்கும் 90 டன்னைத் தாண்டும்.

ஆர்.சி.சி. மிதக்காது என்று நம்புகிறவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளளவு 5 × 4 மீட்டர், உயரம் 2.8 மீட்டர், சுவர் 25 செ.மீ., அடித்தளம் 30, மேல்தளம் 20. கான்கிரீட்டின் எடை 64 டன். தரைமட்டம் வரை தண்ணீர் நின்றால் தூக்கும் விசை சுமார் 82 டன். காலியாக இருந்தால் இதுவும் கிளம்பும்! அடித்தளத்தைச் சுற்றிலும் அரை மீட்டர் வெளியே நீட்டி அதன் மேல் மண் ஏற்றினால் பிடிமானம் 99 டன் ஆகிறது, தூக்கும் விசையைப் போல் 1.2 மடங்கு. வரைபடத்தில் அந்த அரை மீட்டர் நீட்டலைப் பார்த்தால் செலவைக் குறைக்க அதையே முதலில் வெட்டுகிறார்கள். வெட்ட விடாதீர்கள்.

பம்ப் விஷயத்தில் ஆர்.சி.சி. தெளிவாக முந்துகிறது. சம்ப்பின் சுவரையே பொதுச் சுவராக வைத்துப் பக்கத்திலேயே பம்ப் ரூமை இறக்கலாம். தண்ணீர் தானாகவே பம்ப்புக்கு வந்து நிற்கும். உருளையைப் புதைத்துவிட்டு மேலே படுக்கை பம்ப் வைத்தால், உறிஞ்சு குழாயின் அடி நுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வை நம்ப வேண்டிவரும். அதன் வாயில் ஒரு சிறு கல் சிக்கினால் போதும், குழாய்த் தண்ணீர் வடிந்து, நெருப்பு பிடித்த நேரத்தில் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். தீயணைப்பு பம்ப்புக்கான அமெரிக்க விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 20 இப்படி உறிஞ்சித் தூக்கும் ஏற்பாட்டை ஏற்பதில்லை. உருளைதான் என்றால், தண்ணீருக்குள்ளேயே இறங்கி நின்று தள்ளும் வெர்ட்டிகல் டர்பைன் பம்ப்பின் விலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

எட்டாத தண்ணீரில் உருளைக்கு லாபம். அடியில் 30 செ.மீ. எடுக்க முடியாமல் போனால் சம்ப்பில் 6,000 லிட்டர் வீண், உருளையில் 2,600 லிட்டர்தான். சம்ப்பில் உறிஞ்சு குழாய்க்கென்று தனிக் குழி வெட்டி இதைச் சரிக்கட்டலாம்.

இரண்டும் கெடுவது வெவ்வேறு இடத்தில். சம்ப் ஒழுகுவது பெரும்பாலும் தளமும் சுவரும் சேரும் ஜாயின்ட்டில். அங்கே கசிவைத் தடுக்க வைக்கும் பி.வி.சி. பட்டையான வாட்டர் ஸ்டாப் நேராக நிற்காமல் கம்பியில் மடங்கிக் கிடந்தால் கான்கிரீட் அதைச் சுற்றிப் பிடிக்காது. சுவரைக் கடக்கும் குழாய்க்கான தகடு வளையத்தை (puddle flange) வார்க்கும்போதே வைத்துவிடுங்கள், பிறகு உடைத்துத் துளை போட்டால் ஒழுக்கு நிற்காது. மண் மூடுவதற்கு முன் நிரப்பி 7 நாள் ஊறவிட்டு, அடுத்த 7 நாள் மட்டத்தைக் குறியுங்கள். மொத்த இறக்கம் 40 மி.மீ.க்குள் இருந்தால் தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370 ஏற்கும்.

உருளையைக் கெடுப்பது நிரப்பு. தோண்டிய களிமண்ணையும் செங்கல் உடைசலையும் திருப்பித் தள்ளினால் ஒரே புள்ளியில் அழுத்தி ஓடு விரியும். சிறு ஜல்லியை 30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, வயிற்றின் அடிப்பக்கத்தில் கம்பால் குத்தித் திணிக்க வேண்டும். வெளியே நிரப்பு ஏற ஏற உள்ளே தண்ணீரையும் அதே மட்டத்துக்கு ஏற்ற வேண்டும். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் உள் விட்டத்தை அளந்து எழுதி வைத்தால் நசுங்கியதா என்று தெரியும். மூடி முடியும்வரை பள்ளத்தின் ஊற்றை இறைக்கும் மோட்டாருக்கு ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும். ராத்திரி மழையில் கரண்ட் போனால் விடியும்போது தொட்டி மிதந்துகொண்டிருக்கும்.

அடித்தளப் பார்க்கிங் உள்ள அடுக்குமாடிக்கு நீட்டிய தளத்தோடு ஆர்.சி.சி.தான் சரி. கம்பியை அரிக்கும் உப்பு ஊற்று உள்ள கடலோரத் தொழிற்சாலையில், கிரேன் நிற்கத் திறந்த இடமும் இருந்தால், உருளையை எடுக்கலாம். எதுவானாலும் மேலே தீயணைப்பு வண்டி ஏறுமானால் 45 டன் தாங்கும்படி மூடுதளத்தைக் கணக்கிட வேண்டும்.

ஆர்.சி.சி.யில் மட்டும் வரும் ஆபத்து ஒன்று உண்டு. மூடிக் கிடந்த புது சம்ப்பில், கான்கிரீட் வார்க்க முட்டுக் கொடுத்த ஈரப் பலகை (சென்ட்ரிங்) ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இரண்டு மூடிகளையும் திறந்து, ப்ளோயரால் காற்று ஊட்டி, மீட்டரில் ஆக்ஸிஜன் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நின்ற பிறகே ஆளை இறக்குங்கள்.